புது மேலதிகாரிக்குச் சால்வை வேண்டாம், ஒரு தாள் கொடுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். சண்டைக்கு வருகிறவர்களும் முழுக்கப் படித்துவிட்டு வந்தால் எனக்குப் பதில் சொல்லச் சௌகரியமாக இருக்கும்.

இடமாறுதல் கலந்தாய்வு முடிந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு பேருக்கு யோகம். ஒருவர் பூக்கடைக்காரர், இன்னொருவர் சால்வை விற்கிறவர். புதுத் தலைமை ஆசிரியர் பொறுப்பேற்கிற அன்று காலை பத்தரை மணிக்குள் அவர் மேஜையில் பதினைந்து சால்வையாவது சேர்ந்துவிடும். மாலையில் அதையெல்லாம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார். அடுத்த மாதம் அதில் நாலைந்து வேறோர் அதிகாரியின் தோளில் ஏறும். ஓரத்தில் மஞ்சள் கறை இருந்த ஒரு சால்வை மூன்று அலுவலகம் சுற்றிவிட்டு எங்கள் பள்ளிக்கே திரும்பி வந்த கதையும் உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சால்வைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று 2021இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஸ்டாலின் கேட்டுக்கொண்ட பிறகு சில இடங்களில் புத்தகம் கொடுக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில்தான்.

"முதல் நாளே நல்ல பேர் வாங்கிடணும் சார்."

முப்பத்துநான்கு வருடம் ஆசிரியர் அறையில் கேட்ட வாக்கியம் இது. ஓய்வு பெற்ற பிறகாவது விடும் என்று பார்த்தால், ஓ.எம்.ஆரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற என் பழைய மாணவர்கள் போன் செய்து அதையே சொல்கிறார்கள். புது மேனேஜர் வரப்போகிறார், எப்படி இம்ப்ரெஸ் பண்ணுவது, நீங்கள்தான் சொல்லணும் சார். செல்போனைத் திறந்தால் அதற்கென்றே வீடியோக்கள். என்ன நிறத்தில் சட்டை போடுவது, எத்தனை விநாடி கை குலுக்குவது, மேனேஜருக்குப் பிடித்த கிரிக்கெட் அணி எது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது. நான்கு வீடியோ பார்த்தேன். நான்கிலும் செய்கிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாளில் வாங்குகிற இந்த நல்ல பெயர், பெரும்பாலும் இன்னொருவர் பெயரைக் கெடுத்தோ, ஓர் உண்மையை மூடிவைத்தோ வாங்குவது. அதற்கான விலையைக் கொடுப்பது வாங்கியவர் அல்ல. பள்ளிக்கூடமாக இருந்தால் கடைசி பெஞ்சுப் பிள்ளை கொடுக்கும். கம்பெனியாக இருந்தால் ராத்திரி கண் விழிக்கிற ஜூனியர் கொடுப்பான். அதனால்தான் இதை ஏதோ சின்ன சாமர்த்தியம் என்று என்னால் விட முடியவில்லை.

புதிதாக வருகிற அதிகாரிக்கு முதல் பத்து நாளைக்கு ஒன்றும் தெரியாது. அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் சரி. எந்த அறையில் மழைக்கு ஒழுகும், எந்த ஆசிரியர் நன்றாக நடத்துவார், எந்தப் பதிவேட்டில் ஓட்டை இருக்கிறது, எதுவும் தெரியாது. அந்தப் பத்து நாளில் அவர் துடைத்துவைத்த சிலேட்டு மாதிரி. யார் முந்திப்போய் எழுதுகிறார்களோ அவர்கள் எழுத்துதான் அதில் நிற்கும். அப்புறம் எச்சில் தொட்டு அழித்தாலும் தடம் போகாது.

இது நானாகச் சொல்வது இல்லை. பி.எட். படித்த எல்லோரும் உளவியல் தாளில் ஒளிவட்ட விளைவு என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருப்போம். எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920இல் வெளியிட்ட கட்டுரையில் வருவது அது. ராணுவத்தில் மேலதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகத்தான் மதிப்பெண் கேட்டிருந்தார்கள். ஆனால் ஒன்றில் உயர்ந்தவருக்கு எல்லாவற்றிலும் உயர்வாகவே விழுந்திருந்தது. ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் மூளையும் கூடுதலாக இருக்கும் என்று அதிகாரிகளின் கை தானாகவே போட்டிருக்கிறது.

சாலமன் ஆஷ் என்பவர் 1946இல் இன்னும் எளிமையாக ஒன்று செய்து பார்த்தார். ஓர் ஆளைப் பற்றி ஆறு வார்த்தைகள். அறிவாளி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை சொல்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு கூட்டத்துக்கு இதே வரிசையில் படித்துக் காட்டினார். இன்னொரு கூட்டத்துக்குத் தலைகீழாக, பொறாமைக்காரரில் ஆரம்பித்து. அதே ஆறு வார்த்தைதான். ஆனாலும் முதல் கூட்டம் அந்த ஆளைப் பற்றி நல்லவிதமாக நினைத்தது, இரண்டாவது கூட்டத்துக்கு ஆளையே பிடிக்கவில்லை. முதலில் காதில் விழுந்தது பின்னால் வந்ததற்கெல்லாம் சாயம் பூசிவிட்டது.

நாம் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிட்டோம். ஆசிரியர் அறையில் சிலருக்கு இது படிக்காமலே தெரிந்திருக்கிறது.

ஒரு பள்ளியில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த ஆள் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஜூன் மாதம் புதுத் தலைமை ஆசிரியர் வந்தார். காலை வழிபாடு முடிந்ததும் முக்கால்வாசிப் பேர் சால்வையோடு அவர் அறை வாசலில். ஐந்தாறு வகுப்பில் ஆசிரியரே இல்லை, பிள்ளைகள் கத்துகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். காலை எட்டரைக்கே வந்து, கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற மனிதர். இதற்கென்று யாரும் அவருக்கு உத்தரவு போட்டதில்லை, பத்து பைசா கூடுதலாகக் கிடைத்ததும் இல்லை.

இடைவேளையில் போய் வணக்கம் சொன்னார். அறையில் கூட்டமாக இருந்தது. "வகுப்பு இருக்குங்க ஐயா, அப்புறம் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அவர் திரும்பிய கையோடு, நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த இன்னோர் ஆசிரியர் மெதுவாகச் சொன்னார்: "அவரு அப்படித்தான் சார். கொஞ்சம் தலைக்கனம். சங்கத்து ஆளு வேற. போகப் போக உங்களுக்கே தெரியும்."

நாலாவது நாள் கால அட்டவணை வந்தது. கணக்கு வாத்தியாருக்கு ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக் கணக்கு, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற நண்பருக்கு. நான் போய்ப் பேசினேன். "சார், அந்தப் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேர்ந்து பார்த்தவர் அவர். மாத்தாதீங்க" என்றேன். தலைமை ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "நீங்க அவர் ஃப்ரெண்டு, அப்படித்தானே சொல்வீங்க" என்றார். என்னைப் பற்றியும் யாரோ எழுதிவைத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தத் தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. அதுதான் விஷயமே. அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கம் போயிற்று. ஜனவரியில் பழைய வாத்தியாரையே கூப்பிட்டு வகுப்பைத் திரும்பக் கொடுத்தார். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. அந்த மனிதரும் முறைத்துக்கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வந்தார். அப்படியும் பதினோரு பேர் கணக்கில் போனார்கள். பத்துப் பேர் துணைத் தேர்வு எழுதினார்கள். ஒரு பெண்ணை வீட்டில் எழுத விடவில்லை. பனியன் கம்பெனி வேன் ஊருக்குள் வந்துகொண்டிருந்த காலம், அதில் ஏற்றிவிட்டார்கள். வகுப்பில் முத்துமுத்தாக எழுதுகிற பிள்ளை. சால்வை விலை நூற்று இருபது ரூபாய் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வேன் ஞாபகம் வரும்.

அடுத்தது ஆய்வு நாள் நாடகம். புது அலுவலர் முதல் தடவை பள்ளிக்கு வருகிறார் என்று தெரிந்தால் வருடம் முழுக்கப் பூட்டிக்கிடந்த கழிப்பறை அன்று திறக்கும். பினாயில் வாசனை ரோடு வரைக்கும் அடிக்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன்வரிசைக்கு மாற்றுவார்கள். இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் "நாளைக்கு நீ லீவு போட்டுக்கோடா" என்று சொல்கிறார்களே, அதைப் பொறுக்க முடியாது. அந்தப் பையனுக்காகத்தானே அந்த அலுவலரே வருகிறார்? அவனைக் கண்ணில் காட்டாமல் அனுப்பிவிட்டால், 'வாசிப்புத் திறன் நன்று' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார். அவனுக்கு வர வேண்டிய கூடுதல் பயிற்சியும் வராது, கவனமும் வராது. நமக்கு நல்ல பெயர், அவனுக்கு ஒரு நாள் லீவு. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

வசூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரவேற்புக்கு ஆளுக்கு 300 ரூபாய் என்று ஒரு நோட்டுப் புத்தகம் சுற்றி வரும். முதுகலை ஆசிரியருக்கும் 300, பகுதி நேர ஆசிரியருக்கும் 300. அந்தப் பகுதி நேர ஆசிரியர்கள் 2012இல் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஓவியம், தையல், உடற்கல்வி என்று வாரத்தில் மூன்று அரை நாள் வந்துபோகிறவர்கள். 5,000த்தில் 300 எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டியதில்லை. கொடுக்காமல் இருக்க அவர்களால் முடியுமா? நோட்டில் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தால் அதைப் புது ஹெச்.எம். பார்ப்பாரோ என்ற பயம். துப்புரவு வேலை பார்க்கிற அம்மா ஒரு தடவை "ஐம்பது ரூபா வாங்கிக்கங்க சார்" என்று நீட்டியதையும், அதைக் கூச்சமே இல்லாமல் ஒருவர் வாங்கி நோட்டில் குறித்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். அந்த ஐம்பது ரூபாயில் வாங்கிய முந்திரி பக்கோடாவை யார் தின்றிருப்பார்கள்?

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 14ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். ஓய்வு பெறுகிறவருக்கோ மாறுதலில் போகிறவருக்கோ எளிமையாக, தனிப்பட்ட முறையில் ஒரு பிரிவுபசாரம் நடத்தலாம் என்று அது அனுமதிக்கிறது. ஆனால் அதற்குக்கூடப் பணம் கொடு என்று யாரையும் எந்த வகையிலும் நெருக்கக் கூடாது என்கிறது. கீழ்நிலை ஊழியர்களிடம் வசூலித்து மேல்நிலை அதிகாரிக்கு விருந்து வைப்பதை எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்றே தடுக்கிறது. நம் மாநிலத்துக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறவர்கள் அதையும் ஒரு தடவை புரட்டிவிட்டு வரலாம்.

இதெல்லாம் அரசாங்க வேலையில்தான், தனியாரில் திறமைக்குத்தான் மதிப்பு என்று சிலர் உடனே எழுதுவீர்கள். அங்கே சால்வை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மென்பொருள் கம்பெனியில் இருக்கிற என் மாணவன் சொன்னதைக் கேளுங்கள். புது மேனேஜர் வந்த முதல் வாரத்தில் அவனுடைய டீம் லீடர் ஒரு பிரசன்டேஷன் போட்டாராம். எல்லா வேலைக்கும் பக்கத்தில் பச்சைப் புள்ளி. எல்லாம் குறித்த தேதிக்குள் முடியும், தடங்கல் ஒன்றும் இல்லை. புது ஆளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அதை நம்பி வாடிக்கையாளருக்கு ஒரு தேதியைக் கொடுத்துவிட்டார். உள்ளே பாதி வேலை ஓடவே இல்லை. கடைசி மூன்று வாரம் இவனும் இன்னும் நாலு பேரும் ஆபீஸிலேயே தூங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. இப்படிக் கொடுக்கிற அறிக்கைக்கு அவர்கள் தொழிலில் தர்பூசணி என்று பெயராம். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. அந்த டீம் லீடருக்கு முதல் வாரம் கிடைத்த நல்ல பெயர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அவருக்கு என்ன சார், எங்களைக் கை காட்டிட்டார்" என்றான்.

இனி எதிர்வாதங்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"மரியாதை கொடுப்பது தப்பா?" தப்பே இல்லை. எழுந்து நில்லுங்கள், வணக்கம் சொல்லுங்கள், பெயரையும் செய்கிற வேலையையும் தெளிவாகச் சொல்லுங்கள். துவைத்த சட்டை போடுங்கள். நேரத்துக்கு வாருங்கள். புது ஆளுக்குச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும், வீடு எந்தப் பக்கம் கிடைக்கும் என்று சொல்லி உதவுங்கள். இதெல்லாம் மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்வது. நேற்று வந்த பயிற்சி ஆசிரியருக்கும் இதே மரியாதையைக் கொடுக்கிறீர்களா என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்காமல் இவருக்கு மட்டும் கொடுத்தால் அதற்கு நம் ஊரில் வேறு பெயர் இருக்கிறது. காக்காய்க்குக்கூடத் தெரியும்.

"பெரியவர்களை அனுசரித்துப் போவது நம் பண்பாடு." இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் திருக்குறளைத் துணைக்கு அழைப்பார்கள். மன்னரைச் சேர்ந்தொழுகல், 70ஆவது அதிகாரம். சரி, அந்தப் பத்துக் குறளையும் சேர்த்துப் படிப்போம். குளிருக்கு நெருப்பு மூட்டி உட்கார்ந்தவன் எவ்வளவு தள்ளி இருப்பானோ அந்த அளவில் இரு என்கிறார் வள்ளுவர். சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. பெரியவர் எதிரில் இன்னொருவர் காதில் குசுகுசுக்காதே, இன்னொருவரைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளாதே என்கிறார். பயனில்லாததை அவரே கேட்டாலும் சொல்லாதே என்கிறார். "அந்தக் கணக்கு வாத்தியார் எப்படி?" என்று புது ஹெச்.எம். கேட்டால், "நீங்க ஒரு மாசம் பாருங்க சார், உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு நகர்வதற்கு இதைவிடப் பெரிய அனுமதி வேண்டுமா? இன்னும் பின்னால் போனால் 45ஆவது அதிகாரம் இருக்கிறது. தவறு செய்தால் இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன், கெடுப்பவர் யாரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்று அதில் வருகிறது. இதை மேற்கோள் காட்டி வரவேற்புரை ஆற்றிய ஒருவரையும் நான் கேட்டதில்லை.

"உங்களுக்கென்ன சார், பென்ஷன் வருகிறது. எங்களுக்கு வேலை போய்விடும்." இது நியாயமான பேச்சு. வீட்டுக் கடன் மாதத் தவணையும், ஸ்கூல் ஃபீஸும், அப்பாவின் மருந்துச் செலவும் இருக்கிறவனிடம் போய் வீரனாக இரு என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே புது மேனேஜரிடம் போய் மேஜையைத் தட்டச் சொல்லவில்லை. பயத்திலிருந்து செய்கிற காரியம் எது, பேராசையில் செய்கிற காரியம் எது என்று பிரித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரனைப் போட்டுக்கொடுப்பதற்கு எந்த மாதத் தவணையும் காரணமாகாது. பச்சைப் புள்ளி வைத்த டீம் லீடருக்கு அன்றைக்கு வேலை போகிற பயம் ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் என்ன செய்வது? ஒரு தாள் கொடுங்கள். முதல் நாள்கூட வேண்டாம், அன்று அவருக்கு நிற்க நேரம் இருக்காது. முதல் வாரத்துக்குள் கொடுங்கள். நான் என்ன வேலை செய்கிறேன், அதில் எது முடிந்திருக்கிறது, எது நிற்கிறது, எதனால் நிற்கிறது, உங்களிடமிருந்து என்ன வேண்டும். ஒரு பக்கம் போதும். இதில் அடுத்தவர் பெயர் வரக் கூடாது. "பழைய ஹெச்.எம். காலத்துல எல்லாம் குட்டிச்சுவரு சார்" என்ற வசனம் வரவே கூடாது. போனவரைத் திட்டுகிறவன் நாளைக்குத் தன்னையும் திட்டுவான் என்று கொஞ்சம் யோசிக்கிற எந்த அதிகாரிக்கும் தெரியும். அறிக்கை எப்படி வேண்டும், தாளிலா, போனிலா, வாரக் கடைசியிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கொடுக்கிற முதல் வேலையைச் சொன்ன தேதியில் முடியுங்கள். முடியாது என்றால் தேதிக்கு முன்னாலேயே சொல்லுங்கள். தேதி அன்று சாயங்காலம் காரணம் சொல்லாதீர்கள்.

நான் இப்படி ஒரு தாளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்த ஓர் அம்மா புதுத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தது. இரண்டு ஆசிரியர்களுக்கு ஆண்டு ஊதிய உயர்வு போடாமல் நிற்கிறது. ஓய்வு பெற்ற இரவுக் காவலரின் ஓய்வூதியக் கருத்துரு இன்னும் அனுப்பப்படவில்லை. பதினேழு பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்குச் சரியில்லாததால் உதவித்தொகை ஏறவில்லை. மோட்டாரில் காயில் எரிந்துவிட்டதால் பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை. இருப்புப் பதிவேட்டில் உள்ள மூன்று மேஜைகள் பள்ளியில் இல்லை. கடைசியில், இதில் நான் முடிக்க வேண்டியவை இவை, இந்தத் தேதிக்குள் முடிப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆஹா என்று பாராட்டியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? முகத்தைச் சுளித்தார். "வந்ததும் வராததுமா என்னம்மா இது, ஒரே குறையா இருக்கு" என்று மேஜைமேல் போட்டார். இரண்டு மாதத்துக்கு அந்த அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் அபிப்பிராயம் என்ற பரீட்சையில் அந்த அம்மா சுத்தமாக ஃபெயில். அடுத்து தணிக்கை வந்தது. மேஜை எங்கே என்று கேட்டார்கள். பொறுப்பேற்ற வாரத்திலேயே தெரிந்துகொண்டு மேலே எழுதிவிட்டதால் தலைமை ஆசிரியர் தலையில் அது விழவில்லை. அதற்குப் பிறகும் அவர் அந்த அம்மாவை வாய் திறந்து பாராட்டியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் எந்தக் கோப்பில் சந்தேகம் வந்தாலும் "அந்த அம்மாவைக் கூப்பிடுங்க" என்பார். இரவுக் காவலருக்கு ஓய்வூதியம் வந்தது. மோட்டார் ஓட ஆரம்பிக்க மட்டும் தீபாவளி ஆகிவிட்டது, அது வேறு கதை, காயில் கட்டுகிற கடைக்காரருக்குப் பழைய பாக்கி இருந்தது.

இந்தத் தாளைக் கொடுத்தால் பதவி உயர்வு வரும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. வராமலும் போகலாம். அந்த வீடியோக்காரர்கள் மாதிரி என்னால் பொய் சொல்ல முடியாது. அந்தப் பதினேழு பிள்ளைகளுக்கு உதவித்தொகை ஏறியது. அதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

கடைசியாக, இந்த வருடம் புதிதாகப் பொறுப்பேற்கப் போகிற தலைமை ஆசிரியர்களுக்கு. உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள், உரிமையோடு சொல்கிறேன். முதல் நாள் சால்வையோடு வாசலில் கூட்டம் நின்றால், "வகுப்புக்குப் போங்க, மதியம் ஒவ்வொரு அறைக்கா நானே வர்றேன்" என்று சொல்லுங்கள். ஒருவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. யாரைப் பற்றியாவது யாராவது காதோரம் சொல்ல ஆரம்பித்தால், "இருங்க, அவரையும் கூப்பிட்டு வச்சுக்கிட்டுப் பேசுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். முதல் பதினைந்து நாள் கால அட்டவணையில் கை வைக்காதீர்கள். வசூல் நோட்டு சுற்றி வந்திருந்தால் வாங்கி, பகுதி நேர ஆசிரியர்களுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் உங்கள் கையாலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். சத்துணவு அமைப்பாளரிடம் பத்து நிமிடம் உட்காருங்கள், எத்தனை பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். உங்களைப் பார்க்க வராதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதி, நீங்கள் போய்ப் பாருங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடவேளை கவனியுங்கள்.

அப்புறம் பிள்ளைகளின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஆபீஸில் இருக்கிறது என்று சொன்னால், தினமும் எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள் என்று கேளுங்கள்.